கம்பெனி நம்முடையது, கணக்கு மட்டும் ரகசியமா?

அறுவடைக் காலத்தில் காலை நேரத்தில் விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால் கால் வைக்க இடமிருக்காது. நெல், மல்லாட்டை, உளுந்து, எள் என்று குவியல் குவியலாகக் கிடக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண். வியாபாரிகள் குனிந்து ஒரு கை அள்ளுவார்கள். ஊதிப் பார்ப்பார்கள். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பார்கள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார்கள். விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் சீட்டில் எழுதிப் போடுவது பழைய வழக்கம். இப்போது செல்போனிலும் பதிகிறார்கள். மறைமுக ஏலம் என்று இதற்குப் பெயர்.

நேரம் முடிந்து விலைகளைப் பிரித்ததும் எல்லாம் மாறிவிடும். எந்தக் குவியல் என்ன விலைக்குப் போனது, யார் எடுத்தார் என்பது அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மூட்டைக்குச் சொந்தக்காரர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பலாம். சீட்டைப் பிரிக்கும்வரை ரகசியம். பிரித்த பிறகு டீக்கடை வரைக்கும் செய்தி.

பத்து மூட்டை உளுந்து விற்கிற இடத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நியாயம், அதே விவசாயியின் வரிப் பணத்தில் நடக்கும் ஆயிரம் கோடி ரூபாய் அரசு நிறுவனங்களில் மட்டும் மங்கிப்போகிறது. என்ன விலைக்கு வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், விபத்து ஏன் நடந்தது என்று கேட்டால், 'வணிக ரகசியம்' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

சூளைக்கு வரும் மண்ணும் மின்சாரமும்

விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்கள் பழமலைநாதர் கோயிலை வைத்து அறிவார்கள். கடைவீதிக்காரர்கள் பீங்கானை வைத்து அறிவார்கள். இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, காயவைத்து, பிசிறு தட்டி, மெருகு பூசிச் சூளையில் அடுக்குகிறார்கள். சாமி பொம்மை, கார்த்திகை அகல், ஊறுகாய் ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை எல்லாம் அப்படித்தான் வெளியே வருகின்றன. குஜராத்தின் மோர்பியும் சீனப் பொம்மையும் போட்டிக்கு நிற்கும் சந்தையில், சின்னச் சின்னப் பட்டறைகள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் தொழில் இங்கே வந்ததற்குக் காரணம் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேல்மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வெளியே வருகிறது. அதை நம்பித்தான் தொழிற்பேட்டை எழுந்தது. ஆக, மண்ணுக்கு ஒரு மத்திய அரசு நிறுவனம். மோட்டார் ஓடவும் விளக்கெரியவும் மாநில அரசின் மின் நிறுவனம். கழிவுநீர் போகும் ஸ்டோன்வேர் குழாய் செய்ய இந்த ஊரில் அமைந்த அரசு ஆலை முதலில் தமிழ்நாடு செராமிக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது, பிறகு சிமென்ட் கழகமான டான்செம் வசம் போனது. மாலையில் களைப்பு தீர ஒதுங்குகிறவர்களுக்கு டாஸ்மாக், அதுவும் அரசு நிறுவனமே.

ஒரு பட்டறைக்காரரின் அன்றாடம் இத்தனை அரசு கம்பெனிகளோடு பின்னிக் கிடக்கிறது. அவற்றின் கணக்கில் ஏற்படும் ஒவ்வோர் ஓட்டையும் கடைசியில் அவருடைய மின் கட்டண அட்டையிலோ, அவர் குடிக்கும் தண்ணீரிலோ, அவர் கட்டும் வரியிலோ வந்து விழுகிறது.

[பெட்டிச் செய்தி]
சட்டம் சொல்வது இதுதான்

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005: அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் எல்லாம் இதன் கீழ் 'பொது அதிகார அமைப்பு'கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலாக இருந்தால் 48 மணி நேரத்தில் தர வேண்டும்.

பிரிவு 8(1)(டி): வணிக நம்பிக்கை, தொழில் ரகசியம், அறிவுசார் சொத்து ஆகியவற்றை மறுக்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள். வெளியிட்டால் போட்டி நிலைக்குக் கேடு வர வேண்டும். அதைவிடப் பெரிய பொதுநலன் இருந்தால் மறுக்கக் கூடாது.

பிரிவு 10: ஓர் ஆவணத்தில் ரகசியமான பகுதி இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும்.

பிரிவு 19(5): மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரிக்குத்தான். கேட்டவருக்கு இல்லை.

பிரிவு 20: காரணமின்றி இழுத்தடித்தால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம்.

தகவல் உரிமைக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. ஆண்டு 1997. விலக்குகள் மலிந்திருந்ததால் அந்தச் சட்டம் பெரிதாகப் பயன்படவில்லை.

போட்டியாளர் யார், காட்டுங்கள்

பிரிவு 8(1)(டி)-யை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். கேடு வர வேண்டியது 'போட்டி நிலை'க்கு. போட்டியே இல்லாத இடத்தில் எதற்குக் கேடு வரும்?

டாஸ்மாக்கை எடுத்துக்கொள்வோம். 1983-ல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு மாநிலம் முழுக்க மது மொத்த வியாபாரத்தில் ஏகபோகம். 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். 2023-24-ல் அரசுக்கு இதன் வழியே வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். எதிர்க் கடை கிடையாது. எந்த ஆலையிடம், எந்தச் சரக்கை, என்ன விலைக்கு வாங்குகிறது என்று கேட்டபோது வணிக ரகசியம், மூன்றாம் தரப்பு என்று மறுத்தார்கள். கோயம்புத்தூர் வழக்கறிஞர் ஒருவர் கேட்ட அந்த விவரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காகப் போனது.

கொஞ்சம் யோசியுங்கள். விற்க வந்திருப்பவர்கள் பலர், வாங்குபவர் ஒரே ஒருவர். ஓர் ஆலைக்குக் கொடுக்கும் விலை அடுத்த ஆலைக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நான் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று அவர் ஓடி வருவார். லாபம் வாங்குபவருக்கு, அதாவது நமக்கு. ஒரே வாங்குபவர் இருக்கும் சந்தையில் கொள்முதல் விலையை மூடி வைத்தால் அதனால் பிழைப்பவர்கள் விற்பவர்கள் மட்டுமே. அரசு அதிகாரி ஒருவர் அரசு முத்திரையோடு அந்த ரகசியத்துக்குக் காவல் நிற்பது எனக்கு விளங்காத விஷயம்.

2025 மார்ச்சில் அமலாக்கத் துறை டாஸ்மாக் தலைமையகத்தில் மூன்று நாள் சோதனை நடத்தியது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு என்றது. மாநில அரசு எதிர்த்து வழக்காடியது. மே 22-ல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்குத் தடை விதித்ததோடு, அமலாக்கத் துறை வரம்பு மீறுகிறது என்று கண்டித்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். நான் கவனித்தது வேறு. கொள்முதல் விலைப் பட்டியல் மாதாமாதம் இணையதளத்தில் கிடந்திருந்தால், டெல்லியிலிருந்து வந்து அலமாரியைத் திறக்க வேண்டிய அவசியமும் இருந்திருக்காது, அரசியல் பழிவாங்கல் என்று சொல்ல இடமும் இருந்திருக்காது. குற்றச்சாட்டு பொய்யென்றால் அதை ஒரே நாளில் பொய்யென்று காட்டியிருக்கலாம். மூடி வைத்த கணக்கு யோக்கியர்களையும் சேர்த்தே சந்தேகத்தில் நிறுத்துகிறது.

தொலைந்துபோன நிலக்கரி

மின் வாரியத்தின் கதை இன்னும் கனமானது. 1957-ல் தொடங்கிய மின்சார வாரியம் 2010 நவம்பரில் கம்பெனிகளாகப் பிரிந்தது. மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் என்ற டான்ஜெட்கோ பிறந்தது. 2021 ஆகஸ்டில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி ஒரு தகவலைச் சொன்னார். வட சென்னை அனல் மின் நிலையத்தில் பதிவேட்டில் இருக்கும் நிலக்கரிக்கும் கிடங்கில் இருக்கும் நிலக்கரிக்கும் இடையே 2.38 லட்சம் டன் வித்தியாசம். 2.38 லட்சம் டன் என்பது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற சரக்கல்ல. சரக்கு ரயில்களில் கணக்குப் போட்டால் டஜன் கணக்கில் வரும்.

ஆட்சி மாறியதால் இது வெளியே வந்தது. மாறாமல் இருந்திருந்தால்? ஒவ்வொரு மின் நிலையத்தின் நிலக்கரி வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றை மாதந்தோறும் வெளியிடுவதால் எந்தப் போட்டியாளர் கொழிக்கப்போகிறார்? ஓர் ஓய்வுபெற்ற பொறியாளர் வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கழித்தே பள்ளத்தைக் கண்டுபிடித்திருப்பார்.

இன்னொன்று. 2014-ல் டான்ஜெட்கோவுக்கு வந்த இந்தோனேசிய நிலக்கரியில் மட்ட ரகம் உயர் ரகமாகக் காட்டப்பட்டு விலை வைக்கப்பட்டது என்று 2024 மே மாதம் லண்டனிலிருந்து வெளிவரும் ஃபைனான்சியல் டைம்ஸ் எழுதியது. சரக்கை விற்ற அதானி குழுமம் அதை மறுத்தது. உண்மை எதுவாகவும் இருக்கட்டும். வாங்கிய கம்பெனி சென்னையில் இருக்கிறது, காசு கொடுத்தவர்கள் நாம். ஆனால் அந்தச் சரக்கின் ஆவணங்களைப் பத்து வருஷம் கழித்து லண்டன் பத்திரிகையில் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் எங்கே போய் நின்றது? 2017 ஜனவரியில், மின் நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் 'உதய்' திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது. டான்ஜெட்கோவின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. கம்பெனியாக இருந்தவரை கணக்கு ரகசியம், கடன் முற்றியதும் அது மக்கள் சொத்து! 2022 செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியது. நிலைக் கட்டணமும் உச்ச நேரக் கட்டணமும் தாங்கவில்லை என்று 2023-ல் தமிழ்நாடு முழுக்கச் சிறு தொழில்கள் போராடின. ஓர் அகல் விளக்கின் அடக்க விலையில் அந்த நிலக்கரியும் எரிகிறது.

நெய்வேலியின் இரண்டு முகங்கள்

நெய்வேலிக்கு வருவோம். ஒரு விசித்திரம் இங்கே இருக்கிறது. இங்கே நிலக்கரி தோண்டும் மத்திய அரசின் என்எல்சி, பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம். ஒரே ஒரு பங்கு வாங்கியவருக்கும் காலாண்டுக் கணக்கு, ஆண்டறிக்கை, தணிக்கையாளர் குறிப்பு எல்லாம் கிடைத்துவிடும். செபி விதி அப்படி. அதேபோல் மின்சாரத்துக்கு விலை நிர்ணயிக்க மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் போகும்போது மூலதனச் செலவு, எரிபொருள் செலவு, பராமரிப்புச் செலவு என்று பிரித்துப் பிரித்துக் காட்டியாக வேண்டும். அந்த ஆணைகள் பொதுவெளியில் இருக்கின்றன. இவ்வளவும் வெளியான பிறகும் என்எல்சி ஒன்றும் நொடித்துப் போகவில்லை. 2011-ல் நவரத்னா ஆனது. ஒடிசாவில் நிலக்கரிச் சுரங்கம், பல இடங்களில் சூரிய மின்சாரம் என்று விரிந்துகொண்டே இருக்கிறது. கணக்கைக் காட்டினால் கம்பெனி படுத்துவிடும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

முதலீட்டாளருக்குக் காட்டுகிற முகம் இது. நிலம் கொடுத்தவருக்கும் கொதிகலன் அருகே நிற்பவருக்கும் காட்டுகிற முகம் வேறு.

2020 மே 7. இரண்டாவது அனல் மின் நிலையத்தின் 6-வது யூனிட்டில் கொதிகலன் விபத்து. எட்டு வாரம் முடிவதற்குள், ஜூலை 1 அன்று பக்கத்து 5-வது யூனிட்டில் அதைவிடப் பெரிய விபத்து. ஆறு ஒப்பந்தத் தொழிலாளர்கள் அங்கேயே இறந்தார்கள். தீக்காயத்தோடு சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராகப் போனார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, இடைக்காலமாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

முதல் விபத்தில் என்ன கோளாறு, எந்தக் குழாய் எத்தனை வருஷம் பழையது, எந்தப் பரிசோதனை தள்ளிப்போடப்பட்டது என்ற விவரம் ஜூன் மாதத்துக்குள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால் ஜூலை 1 எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் யாரிடமும் இருக்காது. ஆனால் பாதுகாப்புத் தணிக்கை எந்தக் காலத்திலும் வணிக ரகசியம் ஆகாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கொதிகலன் வெடிப்பதைத் தெரிந்துகொண்டு போட்டிக் கம்பெனி என்ன செய்யும், தன் கொதிகலனைச் சரிபார்க்கும். பார்க்கட்டுமே.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வாங்கும் நேரத்தில் பச்சை நெல்லின் மீது ராட்சத இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எங்களுக்கு வந்துவிட்டது என்றது நிறுவனம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. எந்த சர்வே எண் எந்த வருஷம் எடுக்கப்பட்டது, யாருக்கு எவ்வளவு போனது, கால்வாய் எந்தத் தேதியில் எந்த வயலைத் தொடும் என்ற பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் இருந்திருந்தால், அந்த வயலில் நாற்றே நட்டிருக்க மாட்டார்கள். நெல்லும் மிச்சம், மானமும் மிச்சம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரத்துத் தண்ணீரிலும் மண்ணிலும் மாசு இருப்பதாகப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் அறிக்கை கொடுத்தன. பசுமைத் தீர்ப்பாயம் அதையும் கையில் எடுத்தது. மின் நிலையத்துக்குள்ளேயே அன்றாடம் பரிசோதிக்கும் வசதி இருக்கும்போது, கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வெளியாட்கள் ஆய்வகம் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

[பெட்டிச் செய்தி]
நெய்வேலியில் நமக்கும் பங்கு உண்டு

1956 நவம்பர்: நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 2016-ல் பெயர் என்எல்சி இந்தியா லிமிடெட் ஆனது.

2013: மத்திய அரசு பங்கை விற்க முனைந்தது. முதல்வர் ஜெயலலிதா எதிர்த்தார். முடிவில் டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 சதவீதப் பங்கைச் சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கின.

2024 மார்ச்: மத்திய அரசு மேலும் ஒரு பகுதியை விற்றது. அதன் பங்கு 72 சதவீத அளவுக்கு இறங்கியது.

மத்திய அரசின் வழியாகவும் மாநில அரசின் வழியாகவும், தமிழ்நாட்டுக் குடிமகனுக்கு இதில் இரட்டை உரிமை.

சுந்தரரின் மச்சம்

தணிக்கைக்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய கதை உண்டு. திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், சுந்தரருக்கு இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை என்று ஊரே சொல்லும். பலரும் மறந்துவிடுவது அதற்கடுத்த பகுதி. ஆற்றில் போடுமுன் சுந்தரர் பொன்னிலிருந்து மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்ததை அதோடு உரைத்துப் பார்த்தார். மாற்று குறைந்திருந்தது. விடவில்லை, சரியான பின்புதான் ஏற்றார். கொடுத்தவர் சிவபெருமான், அவரிடமே சாம்பிள் பார்த்த ஊர் இது.

அரசு கம்பெனிகளுக்கு மச்சம் பார்க்க ஏற்பாடு இல்லாமல் இல்லை. கம்பெனிகள் சட்டத்தின்படி தணிக்கையாளரை நியமிப்பது சிஏஜி என்ற இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர். துணைத் தணிக்கையும் அவர் செய்யலாம். மாநில அரசு கம்பெனியின் ஆண்டறிக்கை, பொதுக்குழு முடிந்த மூன்று மாதத்துக்குள் தயாராகி, தணிக்கைக் குறிப்போடு கூடிய விரைவில் சட்டமன்றத்துக்கு வர வேண்டும். சட்டமன்றத்தில் பொது நிறுவனங்கள் குழுவும் உண்டு.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. கணக்கு முடிக்காமல் பாக்கி வைத்திருக்கும் மாநில நிறுவனங்களைப் பற்றி சிஏஜி அறிக்கைகள் திரும்பத் திரும்பக் குறைப்படுகின்றன. தணிக்கை அறிக்கை பேரவையில் வைக்கப்படும்போது சம்பந்தப்பட்ட அதிகாரி மாறியிருப்பார், சில சமயம் ஓய்வே பெற்றிருப்பார். குழுவின் கூட்டங்களோ மூடிய அறையில். இலங்கையில் இதே வேலையைச் செய்யும் நாடாளுமன்றக் குழுவுக்கு 'கோப்' என்று பெயர். அங்கே விசாரணைகள் ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அரசு நிறுவனத் தலைவர்கள் கேள்விக்குத் தடுமாறுவதை மக்கள் வீட்டிலிருந்து பார்த்தார்கள். பொருளாதாரம் சரிந்த நாடு என்று இலங்கையைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

மலேசியா எதிர்ப்பக்கத்துப் பாடம். 2009-ல் தொடங்கிய 1எம்டிபி அரசு முதலீட்டு நிறுவனத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கையை 2016-ல் அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டினார்கள். 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகே பூட்டு திறந்தது. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனார். இடைப்பட்ட வருஷங்களில் பறந்த பணத்தைத் தேடி இன்னும் கண்டம் கண்டமாக அலைகிறார்கள்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் பசுமையாக இருக்கிறது. தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விவரங்களைக் கொடு என்றது. அரசு வங்கியான ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, அதாவது மக்களவைத் தேர்தல் முடியும்வரை. மார்ச் 11-ல் நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே விவரம் வந்துவிட்டது. நான்கு மாத வேலை ஒரு நாளில் முடிந்தது! அதன் பிறகும், பத்திரங்களை விற்ற நடைமுறைக் குறிப்பைக் கேட்டவருக்கு அதே வங்கி காட்டிய காரணங்களில் ஒன்று வணிக நம்பிக்கை.

ரகசியமே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. செராமிக் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். மெருகுக் கலவையில் என்ன எவ்வளவு சேர்க்கிறார், சூளையை எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் வைக்கிறார் என்பதைப் பட்டறைக்காரர் தம்பியிடம்கூடச் சொல்ல மாட்டார். அது தொழில் ரகசியம், நியாயமான ரகசியம். டான்செம்முக்கும் அப்படித்தான். 2021 நவம்பரில் 'வலிமை' சிமென்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது தனியார் ஆலைகள் சுற்றி நின்றன. என்ன விலையில் இறங்கப்போகிறோம் என்பதை முந்தைய மாதமே சொன்னால் முட்டாள்தனம். சூரிய மின்சார ஏலத்தில் என்எல்சி தன் அடக்க விலையை முன்கூட்டி வெளியிட்டால் ஏலம் கை நழுவும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எல்லா விலையையும் எல்லோருக்கும் சொன்னால் விற்பவர்கள் கைகோத்துக்கொள்ள வசதியாகிவிடும் என்பார்கள் பொருளாதார நிபுணர்கள். கூட்டு சேர்ந்து விலை வைத்ததாக 2012-ல் பதினொரு சிமென்ட் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 6,300 கோடி ரூபாய் அளவுக்கு அபராதம் விதித்தது. ஆனால் கைகோப்பவர்களுக்கு அடுத்தவர் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது நமக்கு மட்டுமே.

ஆகவே ரகசியத்துக்குக் காலக் கெடு வேண்டும். டெண்டர் திறக்கும்வரை, மதிப்பீடு முடியும்வரை மூடி வைக்கட்டும். ஆணை கொடுத்த பிறகு மூடி வைக்க நியாயமில்லை. ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் ஒரு டெண்டர் வழக்கில் இதையே தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறது. ரிசர்வ் வங்கி வழக்கில் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நம்பிக்கை உறவு என்ற போர்வையை ஏற்கவில்லை. வங்கிகளின் ஆய்வறிக்கைகளைக் கொடு என்றது.

பிறகும் ஏன் மறுக்கிறார்கள்? அதிகாரியின் இருக்கையிலிருந்து பாருங்கள். தகவலைக் கொடுத்தால் மேலிடம் முகம் சுளிக்கும். மறுத்தால் கேட்டவர் முதல் மேல்முறையீட்டுக்குப் போவார், அங்கே தீர்ப்பு சொல்பவர் அதே கம்பெனியின் மூத்த அதிகாரி. அதற்கு மேல் ஆணையத்துக்குப் போனால் வரிசை நீளம். பாதிப் பேர் சோர்ந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரகசியம் காப்பதற்கு அவருக்குச் செலவே இல்லை. அபராதம் அரிதாக விழும் என்பது அவருக்கும் தெரியும்.

[பெட்டிச் செய்தி]
நீங்கள் கேட்க நினைத்தால்

டான்செம், டாஸ்மாக், மின் நிறுவனங்கள்: மனுவோடு 10 ரூபாய் கட்டணம். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதன் பின் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம்.

என்எல்சி: மத்திய நிறுவனம் என்பதால் இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும்.

கேள்வியை 'ஏன்' என்று தொடங்காதீர்கள். கருத்துக் கேட்கிறீர்கள் என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். 'ஆணை வழங்கி முடிந்த ஒப்பந்தம்' என்று குறிப்பிடுங்கள். ரகசியமான வரிகள் இருந்தால் பிரிவு 10-ன்படி நீக்கிவிட்டு மீதியைத் தரும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

புதுச் சட்டம் தேவையில்லை. கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு ஏற்கெனவே பட்டியல் போட்டிருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் அனைத்துக்கும் மாநில அரசு ஓர் ஆணை போட்டால் போதும். ஆணை வழங்கிய 30 நாளுக்குள் ஒப்பந்தத்தின் விலை, அளவு, விற்றவர் பெயர் இணையதளத்தில் வர வேண்டும். எரிபொருள் இருப்பு மாதாமாதம் வர வேண்டும். விபத்து விசாரணை அறிக்கை, தண்ணீர், காற்றுப் பரிசோதனை முடிவுகள் தமிழில், பாதிக்கப்படும் ஊராட்சிகளில் ஒட்டப்பட வேண்டும். எதையாவது வணிக ரகசியம் என்று மறுத்தால், எந்தப் போட்டியாளருக்கு எந்த வகையில் அது லாபம், எந்தத் தேதி வரை அது ரகசியம் என்று அதிகாரி கையெழுத்திட்டு எழுத வேண்டும்.

என்எல்சியில் ஐந்து மாநில நிறுவனங்களின் பெயரில் பங்கு வைத்திருக்கும் தமிழ்நாடு அரசு, பங்குதாரர் என்ற முறையில் இதே கோரிக்கையை அங்கேயும் வைக்கலாம். பங்குதாரர் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

விருத்தாசலம் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெய்வேலிக் களிமண் கடந்த மூன்று ஆண்டுகளில் யாருக்கு, எத்தனை டன், என்ன விலைக்குக் கொடுக்கப்பட்டது என்று ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். விற்று முடிந்த மண், முடிந்த கணக்கு. உங்கள் சங்கத்தின் பெயரில் எழுத வேண்டாம், சட்டம் குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது. ஆளுக்கொரு மனுவாக, உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள்.